பெண்ணுக்குப் பொன் போட்டால் போதுமா?

"பெண் என்ன படித்திருக்கிறாள்?"

பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது இதைத்தான். "எத்தனை பவுன் போடுவீர்கள்?" என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு என்ன பதில் வந்தாலும் சிரித்த முகத்தோடு காபி குடித்துவிடுவார்கள். கலியாணம் நிற்பதும் நடப்பதும் இரண்டாவது கேள்வியில்தான்!

வரதட்சணை கேட்பதும், கொடுப்பதும், வாங்குவதும் குற்றம் என்று 1961-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் 'வரதட்சணை' என்ற வார்த்தையை யாரும் சொல்வதில்லை. "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம். உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்கிறார்கள். எவ்வளவு நயமான பேச்சு! அந்தப் பேச்சின் எடை எத்தனை பவுன் என்பது பெண்ணைப் பெற்றவருக்கு உடனே விளங்கிவிடும். சட்டம் வந்து அறுபது ஆண்டுகள் கழித்து, 2022-ம் ஆண்டில் மட்டும், நாடெங்கும் 6,450 வரதட்சணைச் சாவுகள் போலீஸ் கணக்கில் ஏறியிருக்கின்றன.

வெள்ளைக்காரன் காசு

பவுன், சவரன் என்ற இரண்டுமே நம் நாட்டுச் சொற்கள் அல்ல. இங்கிலாந்தில் ஒரு பவுன் மதிப்புள்ள தங்க நாணயத்துக்கு 'சாவரின்' என்று பெயர். 22 காரட் தங்கம். எடை 8 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 1918-ம் ஆண்டில் பம்பாயிலேயே இந்தக் காசை அடித்தார்கள். காசு புழக்கத்திலிருந்து போயிற்று. அடித்த வெள்ளைக்காரனும் கப்பலேறிப் போய்விட்டான். அவன் விட்டுப்போன அந்த 8 கிராம்தான் இன்றும் தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு மதிப்புப் போடும் அளவுகோலாக இருக்கிறது.

பெண்ணுக்கு நகை போடும் வழக்கத்தை முழுக்க முழுக்கப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. அந்தக் காலத்தில் நிலமும் வீடும் ஆண் பிள்ளைகளுக்கே போயின. பெண்ணுக்கென்று மிஞ்சியது கழுத்திலும் காதிலும் கிடந்த பொன் ஒன்றுதான். புருஷன் கைவிட்டாலும், மழை பொய்த்தாலும், அதைக் கழற்றி வைத்துக் குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள். நம் பாட்டிமார் நகையை நேசித்ததில் நியாயம் இருந்தது.

ஆனால் காலம் மாறிவிட்டதே! இந்துக் குடும்பங்களில் தகப்பனார் சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று 1956-ம் ஆண்டுச் சட்டம் சொல்லிற்று. பூர்வீகச் சொத்திலும் மகனுக்குச் சமமாக மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் சட்டம் செய்தது. 2005-ல் அது நாடு முழுவதற்கும் வந்தது.

சட்டம் நிலத்தைக் கொடுத்தது. வழக்கமோ பொன்னைக் கொடுத்து அந்த நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது! "உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தோமே" என்று சொல்லி, தங்கச்சியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் அண்ணன்மார் எத்தனை பேர்! போட்ட நகை எவ்வளவு பெறும், விட்டுக் கொடுத்த நிலம் எவ்வளவு பெறும் என்று அந்த நேரத்தில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கேட்டால், உடன்பிறந்தவனிடம் வழக்காடுகிறவள் என்ற கெட்ட பெயர் வரும். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுப் போகுமோ என்று பயந்து அவளும் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள்.

சரி, அந்த நகையாவது அவளுடையதாக இருக்கிறதா? கலியாணமாகி ஒரு வருஷம் ஆவதற்குள் புருஷனின் வியாபாரத்துக்கு வளையல் போகும். நாத்தனார் கலியாணத்துக்கு ஆரம் போகும். பிறகு அடகுக் கடைச் சீட்டுத்தான் பெட்டியில் இருக்கும்.

மூன்று பவுன் எங்கே?

படித்தவர்கள்கூட நகை வாங்குவதை முதலீடு என்று சொல்லிக்கொள்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

20 பவுன் நகை என்றால் 160 கிராம். நூற்றுக்குப் பதினைந்து வீதம் சேதாரமும் கூலியும் என்று வைத்துக்கொண்டால் 24 கிராம், அதாவது மூன்று பவுன், கடை வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே போய்விடுகிறது. 3 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. நகையைத் திரும்ப விற்கப் போனால் இந்தச் சேதாரத்தை யாரும் தருவதில்லை. 2025 அக்டோபரில் சவரன் விலை 90 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. அந்த விலைக்கு, மறைந்துபோன மூன்று பவுன் மட்டும் 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய்! அரசு கலைக் கல்லூரியில் ஒரு பெண் மூன்று வருஷம் படித்துப் பட்டம் வாங்கக் கட்டும் கட்டணம் இதில் ஒரு மூலைக்குக் காணாது.

சேதாரத்துக்கு யோசிக்காத தகப்பனார், கல்லூரி வெளியூரில் இருக்கிறது, விடுதிச் செலவு கட்டாது என்று பெண்ணைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்துகிறார்.

தங்க மோகத்தைச் சட்டம் போட்டு அடக்கிவிடலாம் என்று சர்க்காரும் ஒரு முறை முயன்று பார்த்தது. சீன யுத்தத்துக்குப் பிறகு, 1963 ஜனவரியில், நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். புது நகைகளை 14 காரட்டுக்கு மேல் செய்யக்கூடாது என்றார்கள். பட்டறையில் உட்கார்ந்திருந்த ஆசாரிகள் வேலையிழந்தார்கள். சிலர் உயிரையும் மாய்த்துக்கொண்டார்கள். மோகமோ துளியும் குறையவில்லை. 14 காரட் விதியை 1966-ல் எடுத்துவிட்டார்கள். 1968-ல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990-ல் ரத்தாயிற்று.

சுமங்கலி

தகப்பனாரிடம் பணம் இல்லாத வீடுகளில் பவுன் எங்கிருந்து வந்தது? பெண்ணே சம்பாதித்தாள்!

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் பலவற்றில் சுமார் 2000-ம் ஆண்டையொட்டி ஒரு திட்டம் பரவியது. அதற்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர். சில இடங்களில் 'திருமகள் திருமணத் திட்டம்' என்றார்கள். எவ்வளவு மங்களகரமான பெயர்கள்! பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களைத் தரகர்கள் வறண்ட கிராமங்களிலிருந்து திரட்டி வந்தார்கள். ஆலை விடுதியிலேயே சாப்பாடு, படுக்கை. மூன்று வருஷ முடிவில் கலியாணச் செலவுக்கு மொத்தமாக முப்பதோ, நாற்பதோ, ஐம்பதோ ஆயிரம் ரூபாய் தருவதாகப் பேச்சு.

அந்த மொத்தத் தொகை தானம் அல்ல. அவளுடைய கூலியில் மாதாமாதம் பிடித்து வைத்ததுதான். விடுதிக்கு வெளியே நினைத்தபோது போக முடியாது. பன்னிரண்டு மணி நேர வேலையும் இரவு ஷிப்டும் சகஜம். பஞ்சுத் தூசியை சுவாசித்து உடம்பு கெட்டு, கெடு முடியுமுன் வீடு திரும்பியவர்களில் பலருக்கு அந்தத் தொகையே கிடைக்கவில்லை.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. பேசிய தொகை பேசியபடியே நின்றது. பொன் விலையோ ஓடிக்கொண்டே இருந்தது. 2005-ல் சவரன் சுமார் 5 ஆயிரம் ரூபாய். 40 ஆயிரத்துக்கு எட்டுப் பவுன் வாங்கலாம். 2010-ல் விலை 13 ஆயிரத்தைத் தாண்டிற்று. அதே 40 ஆயிரத்துக்கு மூன்று பவுன்கூடச் சரியாக வராது. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய மூன்று வருஷத்தை நூல் இழைக்கும் யந்திரத்தின் முன்னால் நின்று கழித்த பெண்ணுக்குக் கிடைத்த கூலி, ஒரு சங்கிலி!

தொழிலாளர் அமைப்புகளின் அறிக்கைகள் வந்து, வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகள் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பெயர் மெல்ல மெல்ல விளம்பரங்களிலிருந்து மறைந்தது.

தாலிக்குத் தங்கம்

ஏழைப் பெண்களின் கலியாணத்துக்கு உதவ 1989-ல் தமிழக அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரை அதற்கு வைத்தார்கள். முதலில் கொடுத்தது 5 ஆயிரம் ரூபாய். பெண் குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. அதை மனதில் வைத்து மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தாமல் விட்ட பெற்றோர் உண்டு. 2011-ல் பணத்தோடு தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது. 2016-ல் அது 8 கிராம், ஒரு முழுப் பவுன், ஆயிற்று. பட்டம் பெற்ற பெண்ணுக்கு அதோடு 50 ஆயிரம் ரூபாய் ரொக்கம்.

2022-ல் இந்தத் திட்டத்தை மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண், கல்லூரியிலோ தொழிற்கல்வியிலோ சேர்ந்தால், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் என்று ஏற்பாடாயிற்று. பெயர் 'புதுமைப் பெண்'. ராமாமிர்தம் அம்மையாரின் பெயரையும் விட்டுவிடவில்லை.

தாலிக்குத் தங்கத்தை நிறுத்தலாமா என்று எதிர்க்கட்சிகள் குரல் எழுப்பின. ஏழை வீட்டில் ஒரு பவுன் எத்தனை பெரிய காரியம் என்று எண்ணியவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது. அந்தப் பவுன் கலியாணப் பத்திரிகையைக் காட்டினால் கிடைத்தது. தாலியில் சேர்ந்து புகுந்த வீட்டுக்குப் போயிற்று. புதிய ஏற்பாட்டில் அந்த ஆயிரம் ரூபாய் மாணவியின் பெயரில் உள்ள பாங்குக் கணக்குக்கு நேராகப் போயிற்று. அதை வாங்க அவள் காட்ட வேண்டியிருந்தது கல்லூரியில் சேர்ந்த சீட்டை.