முன்சக்கரத்துக்கு ரெண்டு வேலை

சிம் ரேசிங் புதுசா பழகுறவங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது: "ஸ்டியரிங்கை முழுசா திருப்பியும் கார் நேராவே போகுதே, ஏன்?" பெரும்பாலும் அது ஃப்ரண்ட் வீல் டிரைவ் காராத்தான் இருக்கும்.

எங்க பூலாம்பாடித் தெருவுல நிக்கிற ஸ்விஃப்ட்டும் அதே ரகம்தான். பழைய அம்பாசடர்ல முன்சக்கரம் திருப்பும், பின்சக்கரம் தள்ளும். ஸ்விஃப்ட்ல திருப்புறது, இழுக்குறது ரெண்டும் முன்சக்கரத்தோட வேலை.

டயரோட பிடிப்பை மாசச் சம்பளம்னு வெச்சுக்கோங்க. ஆக்சிலரேட்டர்தான் இஎம்ஐ. அது ஏறினா, திருப்புறதுக்குக் கையில மிச்சம் இருக்காது. கார் வளைவை விட்டு வெளியே ஓடும். இதுக்குப் பேர் அண்டர்ஸ்டீர். அப்போ ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீல் திடீர்னு லேசாகும். அதுதான் எச்சரிக்கை. மேல மேல திருப்பிப் பயனில்ல. ஆக்சிலரேட்டரையும் ஸ்டியரிங்கையும் கொஞ்சம் தளர்த்துங்க, பிடிப்பு திரும்ப வரும்.

ஆனா காலைப் படக்குன்னு எடுத்துடாதீங்க. எடை முன்னால பாயும், பின்டயர் லேசாகி வால் வீசும். இது லிஃப்ட்-ஆஃப் ஓவர்ஸ்டீர். ரேஸ் ஓட்டுறவங்க இதையே அளவாப் பயன்படுத்தி மூக்கைத் திருப்புவாங்க. வால் அளவுக்கு மீறி வீசினா, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்சிலரேட்டரை மெதுவா அழுத்தணும். முன்சக்கரம் காரை இழுத்து நேராக்கும்.

நம்ம ஊர்லயும் இந்த ரகத்துல ரேஸ் நடந்திருக்கு. 2010-ல தொடங்கின ஃபோக்ஸ்வாகன் போலோ கப்ல எல்லாருக்கும் ஒரே மாதிரி முன்சக்கர டிரைவ் போலோதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில இருக்குற சுமார் 3.7 கிலோமீட்டர் டிராக் மாதிரி இடத்துல, காரால முந்த முடியாது. டயரைச் சிக்கனமா செலவு பண்றவர்தான் முந்துவார். வளைவுக்கு முன்னாடியே பிரேக், சீக்கிரம் மூக்கைத் திருப்பு, ஸ்டியரிங் நேராக நேராக ஆக்சிலரேட்டர்.

இன்னிக்கே ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. சிம்ல ஏதாவது ஒரு சின்ன ஹேட்ச்பேக், ஒரே வளைவு, உதவிகள் எல்லாம் ஆஃப். முதல்ல ஆக்சிலரேட்டரை அழுத்தியே திரும்புங்க. அப்புறம் படக்குன்னு விடுங்க. கடைசியா முன்னாடியே வேகத்தைக் குறைச்சுத் திரும்புங்க.

மழையில பச்சைமலை வளைவுல உங்க வீட்டு காருக்கும் இதே கணக்குதான். புது கார்கள்ல இஎஸ்சி இருக்கும், உதவும். ஆனா டயர்கிட்ட இல்லாத பிடிப்பை அது கடன் வாங்கித் தராது. மூணுல முதல் ரெண்டையும் சிம்லயே முடிச்சுக்கோங்க. ரோட்டுக்கு மூணாவது மட்டும் போதும்.