ரோஸி சூடிய பூ

2018-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் 'ஒரு அடார் லவ்' என்னும் மலையாளப் படத்தின் பாட்டு ஒன்று இணையத்தில் வெளியாயிற்று. பாட்டின் நடுவே பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி, ஒரு பையனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திக் கண்ணைச் சிமிட்டுகிறாள். அவ்வளவுதான்! சில நாளைக்குள் தேசமெங்கும் கைப்பேசிகளில் அந்தக் கண்சிமிட்டல்தான். முந்திய வருஷம் 'ஜிமிக்கி கம்மல்' பாட்டுக்குக் கொச்சிக் கல்லூரிப் பெண்கள் ஆடிய ஆட்டமும் இப்படியே தமிழ்நாட்டு வீடுகளுக்குள் புகுந்து குதித்தது.

இந்தப் புகழைப் பார்க்கும்போது மலையாள ஸினிமாவின் முதற் கதாநாயகியின் ஞாபகம் வருகிறது. அவரையும் ஜனங்கள் திரையில் பார்த்தார்கள். பார்த்துவிட்டு என்ன செய்தார்கள்?

அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே. ஸி. டானியல், ஸினிமாப் பித்தில் நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ அமைத்தார். 'விகதகுமாரன்' என்னும் மௌனப் படத்துக்குக் கதை எழுதி, டைரக்ட் செய்து, கதாநாயகனாகவும் நடித்தார். படம் வெளியானது 1928-ல் என்பார் சிலர். 1930-ல் என்பார் வேறு சிலர். கதாநாயகி ஒரு நாயர் குலப் பெண். அந்த வேஷத்தை ஏற்றவர் புலையர் சமூகத்தைச் சேர்ந்த பி. கே. ரோஸி. அதுதான் குற்றமாகிவிட்டது!

கதாநாயகன் அவர் கூந்தலில் சூடிய பூவை முத்தமிடும் கட்டத்தில் கொட்டகையில் கல் பறந்தது, திரை கிழிந்தது என்று சொல்வார்கள். ரோஸியின் குடிசைக்கும் தீ வைத்தார்கள். ஊரை விட்டு ஓடிய அவர், நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பேருடன் குடித்தனம் நடத்தி, பழங்கதையை வெளியிற் சொல்லாமலே மறைந்தார். டானியலோ கையிலிருந்ததையெல்லாம் இழந்து, 1975-ல் வறுமையில் காலமானார். கேரள அரசாங்கம் 1992-ல் அவர் பெயரால் ஒரு விருதை ஏற்படுத்தியது.

மலையாள ஸினிமா நிற்கவில்லை. 1938-ல் முதற் பேசும் படமான 'பாலன்', சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பாக வெளிவந்தது. 1954-ல் 'நீலக்குயில்' வந்தது. உயர் குலத்து உபாத்தியாயரிடம் மனத்தைப் பறிகொடுத்துக் கைவிடப்பட்ட புலையப் பெண்ணின் கதை அது. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கமும் பெற்றது. ஆனால் அந்தப் பெண்ணாக நடித்தவர் அச்சமூகத்தைச் சேர்ந்தவரல்லர். புலையப் பெண் நாயர் வேஷம் போட்டதற்குக் கல்லெறி. பிறர் புலையப் பெண்ணாக வேஷம் போட்டபோது பதக்கம்! இந்த விசித்திரத்தை என்னவென்று சொல்வது?

கண்சிமிட்டிய பெண்ணுக்கும் தொல்லை வராமலில்லை. பாட்டு மத உணர்ச்சியைப் புண்படுத்துகிறதென்று ஹைதராபாத்தில் புகார் கொடுத்தார்கள். அந்த வழக்கை 2018 ஆகஸ்டு மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது. ரோஸிக்கு அன்று கோர்ட்டும் இல்லை. பரிந்து பேச ஒரு நாதியும் இல்லை.

2023 பிப்ரவரி 10-ந் தேதி கூகிள் தன் முகப்பில் ரோஸியின் சித்திரத்தை வெளியிட்டுக் கௌரவித்தது. நல்ல காரியந்தான். ஆனால் அவர் நடித்த படத்தின் பிரதி ஒன்றுகூட இன்றில்லை. ஒரு கண்சிமிட்டலை ஆயிரந் தடவை திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். ரோஸி பூச்சூடி நின்ற அந்தக் காட்சியை ஒரு தடவை பார்க்க இனி யாராலும் முடியாது.