றீயூனியன் தீவுக்குச் செல்வோர்க்கு

இந்து சமுத்திரத்தின் தென்மேற்கே, மடகாசுக்கருக்கும் மொறீசியசுக்கும் இடையே உள்ளது றீயூனியன் தீவு. யான் அங்கே சென்று வந்ததை அறிந்தோர் சிலர், தாமும் செல்ல விரும்பி என்னிடம் வழி கேட்பதுண்டு. "அங்கே தமிழர் உளராமே, மொழி தடையாகாதன்றோ?" என்பதே அவர்தம் முதல் வினா. தடையாகும் என்பதே என் விடை. அதனைச் சொல்லுமுன் சில உலகியற் செய்திகள்.

அது தனிநாடு அன்று. 1946 ஆம் ஆண்டு முதல் பிரான்சின் ஒரு மாவட்டமாக ஆளப்படுவது. வழங்கும் நாணயம் யூரோ. ஆயினும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான செங்கன் விசா அங்கே செல்லாது; றீயூனியனுக்குச் செல்லுபடியாகும் எனக் குறித்த விசாவையே பெறுதல் வேண்டும். பாரிசிலுள்ள பிள்ளைகளைக் கண்டு, அவ்வழியே தீவையும் பார்த்து வரலாம் என்றெண்ணும் பெற்றோர் இதனை மறவாதிருப்பாராக.

வாகனங்கள் வீதியின் வலப்புறத்தே செல்லும். ஆதலின் வீதியைக் கடக்குமுன் நம் வழக்கத்துக்கு மாறாக முதலில் இடப்புறம் நோக்குக. நவம்பர் முதல் ஏப்ரில் வரை சூறாவளிக் காலம். சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டால் எவரும் வெளியே நடமாடலாகாது. மலை காணச் செல்வோர்க்கு மே முதல் ஒக்டோபர் வரையான காலமே உகந்தது. நம் பிதுருதலாகலை 2,524 மீற்றர். அங்குள்ள பனிச்சிகரமோ 3,070 மீற்றர். கம்பளி உடை இன்றியமையாதது. மற்றொன்று கடல். சுறாக்களாற் பலர் உயிரிழந்தமையின், பவளப்பாறை காக்கும் களப்பிலும் கண்காணிப்புள்ள இடங்களிலும் அன்றிப் பிறவிடங்களில் நீராடுதல் 2013 ஆம் ஆண்டிலே தடைசெய்யப்பட்டது. கரையிலுள்ள அறிவித்தற் பலகையை வாசியாது காலை நனைக்கற்க.

இனி மொழிக்கு வருவேன். 1848 ஆம் ஆண்டு திசெம்பர் 20 ஆம் நாள் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் பெருந்தொகைத் தமிழர் கப்பலேறினர். 1882 இல் பிரித்தானிய அரசு ஆள்சேர்ப்பை நிறுத்திற்று. தாய்நிலத் தொடர்பு அறுந்தது. பள்ளியிற் பிரெஞ்சும் வீதியிற் கிரியோலுமாகத் தலைமுறைகள் கழிந்தன. சில பாடசாலைகளில் இன்று தமிழ் விருப்பப் பாடமாக உண்டெனினும், வீட்டுமொழி தமிழன்று. எனவே தமிழிற் பேசி விடையை எதிர்பாராதீர். 'பொன்சூர்' என்று முகமன் கூறிய பின்னரே எதனையும் வினவுக. அதனைக் கூறாது வினவுதல் அங்கே மரியாதைக் குறைவு.

அவர்கள் தம்மை 'மலபார்' என்பர். சோழமண்டலக் கரையினின்று சென்றோர்க்கு அப்பெயர் பொருந்துமா என்று அவர்களோடு வாதிடவேண்டா. இராமசாமி என்பது குடும்பப் பெயராகவும் பிரெஞ்சுப் பெயர் முன்பெயராகவும் நிற்பதைக் கண்டு நகைக்கவும் வேண்டா. பாஞ்சாலி அங்கே 'பண்டியாலே' ஆகிவிட்டாள். மதுரைவீரன் 'மல்தேவிலன்' ஆகிவிட்டான். பெயர் தேய்ந்ததே ஒழியத் தெய்வம் தேயவில்லை. பண்டியாலேயின் பொருட்டு இன்றும் தீமிதிக்கின்றனர். ஆடும் சேவலும் பலியிடும் கோயில்களும் உள. அதனை ஒவ்வாதார் முன்னரே கேட்டறிந்து, அவ்வேளைக்கு முன் விலகிக்கொள்ளலாம். அறவுரை ஆற்றுதல் விருந்தினர்க்கு அழகன்று.

சென்-அந்திரே என்னும் ஊரில் ஒரு சிறு கோயிலிலே முதியவர் ஒருவர் தமிழ்ப் பாட்டொன்றைப் பாடினார். பொருளறியாது, செவிவழியே தந்தையிடம் பெற்ற பாட்டு. சீர்கள் சிதைந்திருந்தன, இசை சிதையவில்லை. எங்களோடு வந்த பிரயாணி ஒருவர் இடைமறித்து உச்சரிப்பைத் திருத்தினார். முதியவர் புன்னகைத்து நிறுத்திவிட்டார். பின்னர் எவ்வளவு வேண்டியும் பாடவில்லை. முப்பது ஆண்டு இலக்கணம் கற்பித்தவன் யான். ஆயினும் அன்று அப்பிழைகளோடு எஞ்சிய அடிகளையும் கேட்கவே விரும்பினேன். ஐந்து தலைமுறை கடந்து வந்த பாட்டு, ஒரு ழகரத்தின் பொருட்டு நின்றுபோயிற்று. அத்தகையோர் பாடக் கேட்பீராயின், பாட்டு முடியும்வரை வாய் திறவாதிருங்கள்.

ஈற்றில் ஒரு செய்தி. அன்பளிப்பாகச் செடி, விதை, பழம், இலை எவற்றையும் கொண்டு செல்லாதீர், சுங்கத்திலே பறித்துவிடுவர். கறிவேப்பிலையைப் பற்றிக் கவலை வேண்டா. அது அங்கே வளர்கிறது. சந்தையிலே 'கலூப்பிலே' என்று கேட்டால் தருவார்கள்.