காரைக்குடியில் பொழுதே போகலையா? நீங்க பார்க்கிற காலண்டரை மாத்துங்க!

காரைக்குடிக்குப் படிக்க வந்திருக்கும் வெளியூர்ப் பசங்களிடம் ‘ஊர் எப்படி இருக்கு?’ என்று கேட்டால், சாப்பாட்டைப் பற்றி முதலில் ஒரு பாராட்டு வரும். அடுத்த வரியே, ‘ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா ஒண்ணும் கிடையாதுங்க. லீவு விட்டா மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறிடுவோம்’ என்று இருக்கும். பல்கலைக்கழக ஹாஸ்டலில் இருப்பவர்கள், சிக்ரிக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள், வேலை மாற்றலாகி வந்து வாடகை வீடு பிடித்தவர்கள்... பலருக்கும் இதே புகார்தான். நீங்களும் அந்தக் கட்சியா? அப்படின்னா கொஞ்சம் உட்காருங்க, பேசுவோம்.

இந்த ஊரில் ஆட்டம், பாட்டு, நாடகம், பேச்சு எதற்கும் குறைவில்லை. என்ன, அதெல்லாம் சனி, ஞாயிறு பார்த்து வராது. மகம், பூரம், உத்திரம் என்று நட்சத்திரம் பார்த்து வரும். இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை பார்த்து வரும். பெரும்பாலானவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது. டிக்கெட் இல்லாத நிகழ்ச்சி டிக்கெட் விற்கிற ஆப்பில் எப்படிக் கிடைக்கும்? டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் நோட்டீஸில்தான் கிடைக்கும்.

காலேஜுக்கு முன்னாடியே கச்சேரி

காரைக்குடி இன்றைக்குக் கல்லூரி ஊராக இருப்பதற்குக் காரணம் வள்ளல் அழகப்ப செட்டியார். 1947-ல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி இங்கே வரவேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் பிறந்தது. 2024-ல் ஊர் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது.

ஆனால், கலை இந்த ஊருக்கு அதற்கும் முந்தைய சரக்கு. பாரதியார் 1919-ல் காரைக்குடிக்கு வந்து, இந்து மதாபிமான சங்கத்தாரோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார். இன்று நம்மிடம் இருக்கும் பாரதி புகைப்படங்களே சில்லறைதான். அதில் காரைக்குடிக்கும் பங்கு இருக்கிறது. அதே பாரதியின் பாடல்களை டி.கே.பட்டம்மாள் குரலில் தமிழ்நாடே கேட்டது 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில். ஏ.வி.மெய்யப்ப செட்டியார் அந்தப் படத்தை எடுத்தது சென்னையில் இல்லை, இங்கே இருக்கிற தேவகோட்டை ரஸ்தாவில்! பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். வடபழனிக்குப் போவதற்கு முன்னால் ஏவி.எம் ஸ்டூடியோ அங்கேதான் இருந்தது.

இன்னொன்று. மத்திய அரசின் சங்கீத நாடக அகாடமி முதன்முதலாக 1952-ல் விருது கொடுத்தபோது கர்னாடக இசையில் தேர்வானவர்கள் இருவர். பாட்டுக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், வீணைக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயர். அரியக்குடி எங்கே இருக்கிறது? காரைக்குடியை ஒட்டி. வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள் பாடி, ராகம் தானம் பல்லவி முடித்து, துக்கடாக்களோடு இறங்குகிற இன்றைய கச்சேரி முறையை நிலைநிறுத்தியவர் என்று அரியக்குடியைத்தான் சொல்வார்கள். டிசம்பரில் சென்னை சபா ஒன்றில் நீங்கள் கேட்கிற கச்சேரியின் சமையல் குறிப்பு உங்கள் ஹாஸ்டலுக்குப் பக்கத்து ஊர்க்காரர் எழுதியது.

பணம் யார் தர்றாங்க?

இது தெரியாமல் இந்த ஊர் நிகழ்ச்சிகளைப் புரிந்துகொள்ள முடியாது. சென்னையில் சபா இருக்கிறது, ஸ்பான்சர் இருக்கிறார். இங்கே இருப்பது மண்டகப்படி. கோயில் திருவிழா பத்து நாள் என்றால், ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கோ, ஒரு சமூகத்துக்கோ, ஒரு கடைவீதிக்கோ உரியது. அன்றைக்கு அபிஷேகம், அலங்காரம், சாமி புறப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. ராத்திரி மேடையில் நடக்கும் கலை நிகழ்ச்சிக்கும் பல இடங்களில் அவர்களே பொறுப்பு. நோட்டீஸில் ‘உபயம்’ என்று ஒரு பெயர் அச்சாகியிருக்கிறதே, அதுதான் அந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளர்.

பர்மா, மலேயா என்று கடல் கடந்து தொழில் செய்த நகரத்தார் குடும்பங்கள் செழிப்பாக இருந்த காலத்தில், கல்யாண வீட்டு முகப்பே கச்சேரி மேடை. அந்தத் தொழில் கைவிட்டுப் போன பிறகு வீட்டுக் கச்சேரி குறைந்தது. கோயில் மண்டகப்படி மட்டும் நின்றது. இப்போது உபயதாரர்களில் பலர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். பணம் வந்துவிடுகிறது, ஆள் வருவதில்லை. மேடையில் ஆட்டம் நடக்க, முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கிற காட்சியை இங்கே சில கோயில்களில் பார்க்கலாம். அந்த நாற்காலியில் உட்கார உங்களை யாரும் தடுக்கப்போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்!

சொன்ன நேரம்னா சொன்ன நேரம்

எதிலிருந்து தொடங்கலாம்? பேச்சு பிடிக்கும் என்றால் கம்பன் விழாவில் இருந்து. ‘கம்பன் அடிப்பொடி’ சா.கணேசன் 1939-ல் தொடங்கிய காரைக்குடி கம்பன் கழகம் நடத்துவது. பங்குனியில் மகம், பூரம், உத்திரம் மூன்று நாள்களும் காரைக்குடியில். நான்காம் நாள் அத்தம், சிவகங்கைக்குப் பக்கத்தில் இருக்கும் நாட்டரசன்கோட்டையில். அங்கேதான் கம்பர் அடங்கினார் என்பது இந்தப் பக்கத்து மரபு. கம்பர் சமாதி மண்ணைக் குழந்தை நாக்கில் தடவினால் படிப்பு வரும் என்ற நம்பிக்கையும் உண்டு. (செமஸ்டர் நேரத்தில் நமக்கும் வேலை செய்யுமா தெரியவில்லை.)

இந்த விழாவின் பெருமைகளில் ஒன்று நேரம். ‘ஆறு மணின்னா ஏழு மணிக்குப் போனா போதும்’ என்கிற நம் கணக்கு இங்கே செல்லாது, சா.கணேசன் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறார். இன்றைக்கு டி.வி-யில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாம் பார்க்கிற பட்டிமன்றத்துக்கு வேர் தேடினால், இந்த மேடையைத் தாண்டிப் போக முடியாது. குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் நடுவராக உட்கார, கம்பன் பாத்திரங்களை வைத்து வழக்காடிய மேடை அது. சிரிக்க வைப்பது பிற்பாடு வந்தது. இங்கே பேச வருகிறவர் பாட்டைத் தப்பாகச் சொன்னால், கீழே இருந்து திருத்த ஆள் இருக்கிறது. அந்த பயம் பேச்சாளருக்கு நல்லது, கேட்கிற நமக்கு அதைவிட நல்லது.

விடிய விடிய வள்ளி

ஆனால், ஒரே ஒரு நிகழ்ச்சிதான் பார்க்க முடியும் என்றால், நான் கைகாட்டுவது வள்ளி திருமணம் நாடகத்துக்கு.

காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் அம்மன் கோயில், அய்யனார் கோயில் திருவிழாக்களில் இந்த நாடகம் போடுவார்கள். எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள், 1922-ல் மறைந்தவர். நூறு வருடம் தாண்டியும் அவருடைய வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு பெயர் உண்டு. ஏன் ஸ்பெஷல்? இதில் நிரந்தரக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரில் இருந்து வருவார், ஸ்த்ரீபார்ட் இன்னோர் ஊரில் இருந்து. பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஒவ்வொருவரும் ஒரு திசை. அன்றைக்குச் சாயங்காலம் மேக்கப் போடுகிற இடத்தில்தான் சந்தித்துக்கொள்வார்கள். ஒத்திகை? கிடையவே கிடையாது! சுவாமிகளின் பாடல்களும் கதையின் வரிசையும் எல்லோருக்கும் மனப்பாடம். அதை வைத்துக்கொண்டு விடியும்வரை ஓட்டுவார்கள்.

ராத்திரி பத்து மணிவாக்கில் பபூன் வருவார். பாட்டு, கிண்டல், பிறகு டான்ஸ் வேடக்காரரோடு ஒரு நீண்ட சண்டை. இந்தப் பகுதியில் ஜோக்குகள் கொஞ்சம் பச்சையாகவே இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அதை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்கள்தான் ‘இதெல்லாம் ஒரு நாடகமா?’ என்பார்கள். அவர்கள் அசலைப் பார்க்கவில்லை. ஊரில் பாதிப் பேர் பாயில் சுருண்டு தூங்கிய பிறகு, நடுராத்திரி தாண்டி, தினைப்புனத்துக்கு நாரதர் வருவார். வள்ளிக்கும் அவருக்கும் தர்க்கம். எழுதி வைத்த வசனம் இல்லை. ஒருவர் கேள்வி போட, மற்றவர் அந்த நிமிஷமே பதில் கட்ட வேண்டும். புராணத்தில் தொடங்கி, இலக்கணத்தில் நுழைந்து, கேஸ் சிலிண்டர் விலைவரைக்கும் போய் வருவார்கள். நேற்றுவரை முகம் பார்க்காத இரண்டு பேர் முன்தயாரிப்பில்லாமல் மணிக்கணக்கில் மோதுகிறார்கள். அதற்கு நடுவில் ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்து இருவரையும் பாட்டுக்குள் இழுத்துப் போடுவார் பாருங்கள்... ஸ்டாண்ட்-அப் காமெடிக்கு ஐநூறு ரூபாய் கொடுக்கும் நண்பர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்தக் கலைஞர்களுக்கு வருடத்தில் சம்பாத்தியம் இந்தச் சில மாதங்கள்தான். 2020-ல் ஊரடங்கு வந்தது மார்ச் கடைசியில், அதாவது பங்குனியில். 2021-ல் இரண்டாம் அலையும் சரியாக அதே பருவத்தில். அடுத்தடுத்து இரண்டு சீசன் போனது. கொரோனா போன பிறகும் இன்னொரு சிக்கல் மிச்சம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்கிறது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி. திருவிழாவுக்கு என்று தளர்த்தினாலும் நள்ளிரவு 12 வரைக்கும்தான். நாரதர் வருகிற நேரமே அதற்குப் பிறகுதானே! எல்லா ஊரும் போலீஸ் அனுமதிக்காக அலையத் தயாராக இல்லை. ‘பாட்டுக் கச்சேரின்னா சீக்கிரம் முடிஞ்சிடும்’ என்று இன்னிசைக் குழுவுக்கு மாறிவிடுகிற கமிட்டிகள் உண்டு. தூங்க முடியாத பக்கத்து வீட்டு நோயாளி பக்கமும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால், வருடத்தில் ஒரே ஓர் இரவு நடப்பதையும் தினம் அலறுகிற ஸ்பீக்கரையும் ஒரே தராசில் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாணவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கையான சோகமும் இருக்கிறது. சீசன் சூடுபிடிப்பது சித்திரையில். செமஸ்டர் தேர்வும் அதே ஏப்ரல், மே-யில்தான். தேர்வு முடிந்ததும் பெட்டியைக் கட்டிவிடுகிறீர்கள். ஜூனில் திரும்பி வரும்போது ஊர் களைத்துப்போய் இருக்கும். ‘இங்க ஒண்ணுமே நடக்கல’ என்று தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்திரைக் கடைசியில் தொடங்கும் கொப்புடையம்மன் செவ்வாய்ப் பெருந்திருவிழாவை ஊர் முழுக்கக் கொண்டாடும்; வழக்கமாகக் கோயில்களில் மூலவர் உள்ளே இருக்க உற்சவர் வீதி உலா வருவார், இங்கே மூலவரே வெளியே வருவார். தை 3-ம் தேதி சிராவயல் மஞ்சுவிரட்டு. ஜல்லிக்கட்டுபோல வாடிவாசலும் கேலரியும் மட்டும் என்று நினைத்துப் போகாதீர்கள். தொழுவில் இருந்து மாடு வருவது ஒருபுறம், சுற்றியுள்ள பொட்டலில் கட்டுமாடுகளை அவிழ்த்துவிடுவது இன்னொருபுறம். வேடிக்கை பார்க்கிறவர்கள்தான் பெரும்பாலும் குத்துப்படுகிறார்கள். செல்ஃபி ஆசை இருந்தால் வீட்டிலேயே இருங்கள். தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடும். அதைப் பார்க்க ஒரு பகல் போதும்.

சரி, நாடகம் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பங்குனி பிறந்ததும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சுவர்களைப் பாருங்கள். நோட்டீஸில் மேலே இருக்கும் சாமி படத்தையும் ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கும் பத்தியையும் தாண்டி, கீழே ‘கலை நிகழ்ச்சிகள்’ என்ற கட்டத்துக்கு வாருங்கள். தமிழ்த் தேதிதான் பெரிதாக இருக்கும், தினசரி காலண்டரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். போவதற்கு முன், நோட்டீஸில் இருக்கும் கமிட்டி நம்பருக்கு ஒரு போன் போட்டு ‘அனுமதி கிடைச்சிருச்சாண்ணே?’ என்று கேட்டுவிடுவது நல்லது. பாயும் போர்வையும் கொண்டு போங்கள். சித்திரையிலும் விடியற்காலையில் குளிரும். பெண்கள் குழுவாகப் போகிறீர்கள் என்றால், கழிப்பறை இருக்கிறதா என்பதையும் அதே போனில் கேளுங்கள். பல ஊர்களில் இருக்காது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னால் கதவு திறந்துவிடுவார்கள். திரும்புவதற்கு ராத்திரி பஸ் கிடைக்காது. முதல் பஸ் வருவதற்குள் வள்ளிக்குக் கல்யாணம் முடிந்திருக்கும்.