இறக்கை இல்லாமல் பறக்க முடியுமா?

நாயுடுபேட்டையில் இருக்கும் நமக்கு ராக்கெட் புதிது அல்ல. தென்கிழக்கு வானத்தில் வெளிச்சம் எழும். பிள்ளைகள் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். நாமும் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்போம்.

அந்த ராக்கெட் எங்கிருந்து கிளம்புகிறது? சென்னை போகும் சாலையில் சூலூர்பேட்டை இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. ஏரியைக் கடந்தால் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்துதான் கிளம்புகிறது.

போவதைப் பார்க்கிறோம். ஆனால் வானத்துக்குப் போனது பத்திரமாகத் திரும்பி வரவேண்டும் என்றால் என்ன செய்வது? அதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

திரும்புவது ஏன் கடினம்?

சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறீர்களா? அடித்து முடித்ததும் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை வேகமாக அமுக்கினால் அது சூடாகும்.

பூமியைச் சுற்றும் விண்கலத்தின் வேகம் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போனால் சென்னையிலிருந்து டெல்லிக்கு நான்கு நிமிடம் போதும். அவ்வளவு வேகமாக வரும் கலம், தன் முன்னால் இருக்கும் காற்றை அமுக்குகிறது. காற்று நெருப்பாய்க் கொதிக்கிறது. மெல்லிய, கூரான பாகங்கள் மிகவும் சூடாகும். இறக்கையின் முன் விளிம்பு அப்படிப்பட்ட ஒரு பாகம்.

2003 பிப்ரவரி 1 அன்று நடந்ததை நம் நாடு மறக்காது. கொலம்பியா என்ற அமெரிக்க விண்கலம் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதில் ஏழு பேர் இருந்தார்கள். ஒருவர் ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா. கலம் கிளம்பிய நாளில், தொட்டியிலிருந்து பெயர்ந்த ஒரு நுரைத் துண்டு இடது இறக்கையின் விளிம்பில் மோதியிருந்தது. அங்கே ஓட்டை விழுந்திருந்தது. திரும்பும்போது அந்த ஓட்டை வழியாக வெப்பம் உள்ளே புகுந்தது. கலம் சிதறியது. ஏழு பேரும் இறந்துபோனார்கள்.

இறக்கையே இல்லாமல் இறங்க முடியாதா? இந்தக் கேள்வியை அதற்கு 40 ஆண்டுகள் முன்பே ஒருவர் கேட்டார்.

காகிதத்தில் பிறந்த யோசனை

அவர் பெயர் டேல் ரீட். அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில் வேலை செய்த பொறியாளர். பொம்மை விமானங்கள் செய்வதில் அவருக்கு ஆசை அதிகம்.

ஒரு கூம்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் எப்படி இருக்கும்? மேலே தட்டை, கீழே உருண்டை. முனை மட்டும் மழுங்கல். இந்த வடிவம் வெப்பத்தைத் தாங்கும் என்று விஞ்ஞானிகள் முன்பே கண்டிருந்தார்கள். ஆனால் அது காற்றில் மிதந்து இறங்குமா? பலருக்குச் சந்தேகம்.

ரீட் முதலில் காகிதத்தில் செய்து எறிந்து பார்த்தார். பிறகு பால்சா என்ற லேசான மரத்தில் 24 அங்குல நீளத்தில் செய்தார். அதை மேலே கொண்டுபோக இன்னொரு பொம்மை விமானத்தைப் பயன்படுத்தினார். அது ரேடியோவால் இயங்குவது. ரேடியோ விமானம் என்பது நூல் இல்லாத பட்டம் மாதிரி. கையில் ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து ரேடியோ அலை போகும். விமானத்தில் உள்ள சின்ன மோட்டார் அதைக் கேட்டு வாலைத் திருப்பும்.

மேலே போனதும் மரப்பொம்மையை விட்டார்கள். அது குப்புற விழவில்லை. சறுக்கிக்கொண்டு இறங்கியது. ரீட்டின் மனைவி அதைப் படம் பிடித்தார். அந்தப் படத்தைப் பார்த்த மேலதிகாரிகளுக்கு நம்பிக்கை வந்தது. ஆள் உட்காரும் அளவில் ஒன்று செய்ய அனுமதி கொடுத்தார்கள்.

இறக்கை இல்லாதது எப்படி மிதக்கும்?

எதிர்காற்றில் ஒரு முறத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். காற்று முறத்தை மேலே தள்ளும். முறத்துக்கு இறக்கை உண்டா? இல்லை. சாய்ந்த பரப்பு காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று பரப்பை மேலே தள்ளுகிறது. அவ்வளவுதான். உடம்பே முறம் போல இருந்தால் தனி இறக்கை தேவையில்லை.

ஆனால் ஒரு குறை உண்டு. உடம்பு தரும் தூக்கல், நீண்ட இறக்கை தரும் தூக்கலை விடக் குறைவு. அதனால் வேகமாகவும் செங்குத்தாகவும் இறங்கும். ஓட்டுபவர் தயங்க நேரம் இல்லை.

காரில் கட்டி இழுத்தார்கள்

புதிய கலத்துக்கு எம்2-எஃப்1 என்று பெயர் வைத்தார்கள். உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம். வெளியே மெல்லிய பிளைவுட். நீளம் 20 அடி. எடை சுமார் 450 கிலோ. என்ஜின் கிடையாது.

1963-ல் அதை ஒரு காரின் பின்னால் கயிற்றில் கட்டினார்கள். காய்ந்த ஏரித் தரையில் இழுத்தார்கள். உள்ளே இருந்தவர் மில்ட் தாம்சன் என்ற விமானி. சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் கலம் இடமும் வலமும் குதித்தது. உடனே நிறுத்தினார்கள். பெரிய காற்றுக்கூண்டில் வைத்து ஆராய்ந்தார்கள். திருப்பும் கருவிகளை மாற்றி அமைத்தார்கள். மறுபடியும் காரில் கட்டினார்கள். இந்த முறை ஒழுங்காக எழுந்தது.

1963 ஆகஸ்ட் 16 அன்று ஒரு விமானம் அதைச் சுமார் 12,000 அடி உயரத்துக்கு இழுத்துப் போனது. தாம்சன் கயிற்றை விடுவித்தார். சுமார் இரண்டே நிமிடத்தில் பத்திரமாகத் தரை இறங்கினார்.

கார் இழுத்தபோதே குறை தெரிந்தது. அப்போது கலம் தரையை ஒட்டித்தான் இருந்தது. அதே குறை 12,000 அடி உயரத்தில் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதை நாமும் அறிவோம். புதிய விதை வந்தால் நிலம் முழுவதும் விதைப்போமா? ஒரு மூலையில் போட்டுப் பார்ப்போம். சிறியதை விழவிட்டுப் பார்த்தால், பெரியது விழாமல் காக்கலாம்.

நம் பக்கத்தில் நடந்தது

நம் விஞ்ஞானிகளும் இப்படித்தான் படிப்படியாகப் போகிறார்கள். 2007 ஜனவரி 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு சிறு கூண்டு மேலே போனது. ஜனவரி 22 அன்று பாராசூட்டில் வங்கக் கடலில் இறங்கியது. கடலிலிருந்து அதை மீட்டார்கள்.

2016 மே 23 அன்று விமானம் போன்ற ஒரு கலத்தை ராக்கெட்டில் அனுப்பினார்கள். அதற்குச் சிறிய இறக்கைகள் உண்டு. ஆள் இல்லை. 65 கிலோமீட்டர் உயரம் போய்த் திரும்பி, கடலில் இறங்கியது. அடுத்து, தரையில் இறங்கப் பழக்க வேண்டும். அதற்கு ராக்கெட் தேவையில்லை. கர்நாடகாவின் சித்ரதுர்கா பக்கத்தில் ஹெலிகாப்டரில் தூக்கி, நாலரை கிலோமீட்டர் உயரத்தில் விட்டார்கள். அது தானாகவே ஓடுபாதையில் இறங்கியது. 2023-ல் ஒரு முறை, 2024-ல் இரண்டு முறை இந்தச் சோதனை வென்றது.

நீங்களும் செய்து பாருங்கள்

வேண்டியவை: ஒரு ஸ்ட்ரா, காகிதம், ஒட்டும் டேப், கத்தரிக்கோல்.

1. ஒரு அங்குல அகலத்தில் இரண்டு காகிதப் பட்டைகள் வெட்டுங்கள். ஒன்று 5 அங்குல நீளம். மற்றது 10 அங்குல நீளம்.

2. ஒவ்வொன்றையும் வளையல் போல வளைத்து ஒட்டுங்கள்.

3. ஸ்ட்ராவின் ஒரு முனையில் சின்ன வளையத்தையும், மறு முனையில் பெரிய வளையத்தையும் ஒட்டுங்கள். இரண்டும் ஒரே பக்கம், ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும்.

4. வளையங்கள் மேலே இருக்கும்படி பிடியுங்கள். சின்ன வளையம் முன்னால். மெதுவாக எறியுங்கள்.

தட்டையான இறக்கை ஒன்றும் இல்லை. வளைந்த காகிதமே தாங்கிப் போகும்.

இனி ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். எத்தனையாவது எறிதல்? எத்தனை அடி போனது? என்ன மாற்றினேன்? ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முன் முனையில் ஒரு ஜெம் கிளிப் மாட்டிப் பாருங்கள். அல்லது பெரிய வளையத்தைச் சற்றுச் சிறிதாக்குங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் நன்றாகப் போனது என்று தெரியாது.

எழுதி வைக்காத சோதனை மறுநாள் மறந்துபோகும். எழுதி வைத்தால் நம் பிள்ளை படித்துவிட்டு அடுத்த படிக்குப் போவாள். எழுத்து கற்றதன் பயன் இதுவும்தான்.

பேசுவோம்

1. சைக்கிள் பம்பு ஏன் சுடுகிறது?

2. கலத்தை முதலில் காரில் கட்டி இழுத்தது ஏன்?

3. உங்கள் தொழிலில் சிறிய அளவில் சோதித்துப் பார்க்கக்கூடியது எது?