"வேண்டாம்" என்று சொல்வது எப்படி?

முன்பின் தெரியாத ஒருவன் சிகரெட்டை நீட்டினால், "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நடந்துவிடலாம். ஆனால் குடும்ப விருந்தில், அண்ணன் முறையுள்ள ஒருவனே பீரை ஊற்றி நீட்டினால்?

அமெரிக்காவில் மெக்சிகோ, கியூபா முதலிய நாடுகளின் வழிவந்த ஹிஸ்பானியக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் சந்திக்கும் சங்கடம் இது. குடும்பப் பிணைப்பும் பெரியோரிடம் மரியாதையும் அவர்கள் பண்பாட்டின் இரு தூண்கள். முகத்தில் அடித்தாற்போல் மறுத்தால் உறவையே அவமதித்ததாகிவிடும்.

குமரப் பருவத்தில் இச்சங்கடம் இன்னும் பெரிதாகிறது. பின்விளைவை எண்ணிப் பார்த்து ஆசையை அடக்கும் மூளையின் முன்பகுதி, இருபது வயதைத் தாண்டிய பின்னரே முழு வளர்ச்சி அடைகிறது. எனவே அறிவுரை மட்டும் போதாது. பழக்கமும் பயிற்சியும் வேண்டும். 1983-இல் லாஸ் ஏஞ்சலிசில் தொடங்கி நாடெங்கும் பரவிய ஒரு திட்டத்தில், போலீசாரே வகுப்பறைக்கு வந்து போதையின் தீமையை விளக்கினர். ஆனால் 1990-களில் வெளிவந்த மதிப்பீடுகள், அதனால் போதைப் பழக்கம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்றே காட்டின.

நான்கு வழிகள்

அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் ஆராய்ச்சியாளர்கள் வேறு வழியைத் தேடினர். இளைஞர்கள் உண்மையில் எப்படித் தப்பித்துக் கொள்கிறார்கள் என்று அவர்களையே கேட்டனர். நான்கு வழிகள் தெரிந்தன: மறுத்தல், காரணத்தை விளக்குதல், அத்தகைய இடத்தைத் தவிர்த்தல், எழுந்து வெளியேறுதல். "நாளை எனக்குப் பந்தயம் இருக்கிறது, அண்ணா" என்பதும் மறுப்புத்தான். ஆனால் அதில் மரியாதை கெடவில்லை அல்லவா?

இவற்றைப் பத்துப் பாடங்களாக்கி, அவ்வூர் மாணவர்களே உருவாக்கிய படங்களுடன் 35 பள்ளிகளில் சோதித்தனர். மெக்சிகோ வழியினர்க்கு ஒன்று, வெள்ளையர்-கறுப்பர்க்கு ஒன்று, பல பண்பாடுகளையும் கலந்து ஒன்று எனப் பாடம் மூன்று வகையில் அமைந்தது. 2003-இல் வெளியான முடிவுகளின்படி, பாடம் பெற்ற மாணவரிடையே மது, புகையிலை, கஞ்சாப் பழக்கம் மற்றவரைவிடக் குறைவாக இருந்தது. பாடம் ஒவ்வொரு மாணவனின் இனத்துக்கும் அச்சாகப் பொருந்த வேண்டியதில்லை என்பதும் தெரிந்தது. கலப்புப் பாடமும் நற்பயன் தந்தது.

பெற்றோரின் பங்கு

குடியேறிய குடும்பத்தில் பிள்ளை ஆங்கிலத்தை விரைவில் கற்றுக்கொள்கிறான், பெற்றோர் பின்தங்குகின்றனர். அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் மகனே மொழிபெயர்ப்பாளன் ஆகிறான். வழிகாட்ட வேண்டியவர் வழி கேட்பவராகும்போது வீட்டின் கட்டுப்பாடு தளர்கிறது. இதனை உணர்ந்து, மியாமியில் உருவான "குடும்பங்கள் ஒன்றுபட்டு" என்னும் பொருள்படும் 'ஃபமிலியாஸ் யுனிதாஸ்' திட்டம், பெற்றோரையே குழுவாகக் கூட்டுகிறது. பிள்ளையிடம் மனம்விட்டுப் பேசவும், அவன் நண்பர்களையும் பள்ளியையும் அறிந்துகொள்ளவும் அங்கே பழக்குகிறார்கள். சோதனைகளில் இம்முறையும் பயன் தந்துள்ளது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? பண்பாடு இங்கே தடையன்று, கருவி. மறுக்க முடியாமல் தடுப்பதும் குடும்பப் பாசமே. சரியாகப் பயன்படுத்தினால் பிள்ளையைக் காப்பதும் அதே பாசமே.