விவேக நகரும் நான்காம் சுருளும்

நகரம் என்பது கட்டடங்களின் தொகுதி அன்று. மக்கள் கூடி வாழும் முறையே நகரம். அம்முறைக்கு மின்னணுக் கருவிகளும் கணினியும் துணைநிற்குமாயின் அதனை விவேக நகரம் என்பர். மலேசிய அரசு இதற்கெனத் தேசிய அளவிலான வரைவு ஒன்றை 2019இல் வெளியிட்டது.

இத்தகைய நகரை அரசு தனித்து அமைத்தல் அரிது. நிலமும் சட்டமும் அரசிடம் உள்ளன. ஆராய்ச்சி பல்கலைக்கழகத்திடம் உள்ளது. முதலும் உற்பத்தித் திறனும் தனியாரிடம் உள்ளன. இம்மூன்றும் கயிற்றின் புரிகள்போல் பின்னி வளர்தல் வேண்டும் என்னும் கொள்கையை எட்ஸ்கோவிட்ஸ், லெய்டெஸ்டார்ஃப் என்னும் அறிஞர் இருவர் 1990களில் வகுத்தனர். 'முச்சுருள்' என்பது அதன் பெயர்.

பேராக்கில் இதற்கு ஏற்ற சான்று தஞ்சோங் மாலிம். அங்கு 1922இல் தோன்றிய சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1997இல் பல்கலைக்கழகமாயிற்று. தமிழாசிரியர் பலர் அங்கே பட்டம் பெறுகின்றனர். அதே பத்தாண்டில் ஊருக்கருகே புரோட்டோன் நகர் திட்டமிடப்பட்டது. 1997இன் பொருளாதார நெருக்கடியால் பணி தாமதமாயினும், 2003இல் கார்த் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. 2025இல் மின்கார் ஆலையும் திறக்கப்பெற்றது. பல்கலைக்கழகத்தின் புதிய வளாகமும் அந்நகரிலேயே எழுந்தது.

ஆயினும் அண்மை வேறு, கூட்டு வேறு. வெள்ளத்தை முன்னறிவிக்கும் கருவி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். பல்கலைக்கழகம் அதனை வடிவமைக்கலாம். நிறுவனம் செய்து தரலாம். நகராட்சி வடிகாலில் பொருத்தலாம். எந்தச் சந்தில் நீர் முதலில் ஏறும் என்பதை அங்குக் குடியிருப்பவரே அறிவர். அவரைக் கேளாவிடின் கருவி இருக்கும், பயன் இராது. இதனை உணர்ந்தே காரயானிஸ், காம்ப்பெல் என்போர் 2009இல் பொதுமக்களை நான்காம் சுருளாகச் சேர்த்தனர்.

இது நம்மவர்க்கு வெறும் ஏட்டுக் கொள்கை அன்று. பேராக்கின் பால்மரக் காடுகள் பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழில் நிலங்களாகவும் மாறிவிட்டன. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல ஈப்போ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தன. தோட்டம் துண்டாடப்பட்டபோது அவர்களுடைய கருத்தைக் கேட்டவர் சிலரே. விவேக நகரிலும் அந்நிலை தொடரலாகாது.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. வட்டாரத் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபங்களை ஏற்க வேண்டும் என 1976ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம் விதிக்கிறது. வரைபடத்தைப் படிக்கவும், தன் தெருவின் குறையை அளந்து எழுதவும் அறிந்தவனுக்கே அவ்வுரிமை பயன்படும். அவ்வறிவை ஊட்டும் இடம் பள்ளி. ஆகவே, நான்காம் சுருளை முறுக்கேற்றும் பணி ஆசிரியர்க்கும் உரியதாகிறது.